தோமான் மட்டும் மெதுவாக இறங்கியது

என் மேல்வரிசை முன்பற்களில் ஒன்று கட்டியது. அசல் பல் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் ஒரு குளத்தங்கரைச் சேற்றில் விழுந்து போயிற்று. அதை உடைத்த மனிதரைப் பதினோரு வருஷம் எனக்குத் தெரியும். ஒரு தடவைகூட அவர் அதற்காக வருத்தம் தெரிவித்ததில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

கதிரியக்கம் அளக்கும் ஒரு சோதனைக்கூடத்தில் அப்போது நான் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிரைவர் ரவியோடு வேனில் போய் அந்தக் குளத்தில் மீன் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளம் அது. மழைத்தண்ணீர் நிறைந்து குளமாகி, யாரோ விட்ட மீன்கள் பெருகியிருந்தன. சுற்றிக் கம்பி வேலி. நாலு மொழியிலும் மீன் பிடிக்காதே என்று எழுதிய பலகை.

முதல் நாள் வலையை இழுத்துப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தபோது வேலிக் கட்டை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓர் ஆள் ஓடி வந்தார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். கறுத்து ஒடுங்கிய உடம்பு. ரவி ஆபீஸ் கார்டைக் காட்டினான். அவர் அதைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்துவிட்டுக் கட்டையை வீசினார். ரவி குனிந்துகொண்டான். பின்னால் நான் நின்றேன்.

நான் எழுந்து உட்கார்ந்தபோது பெட்டியைக் கவிழ்த்து மீன்களைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். வறுத்துத் தின்பதற்குக் கார்டு வேறு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுக் கேட்டு மிதித்தார். வாயில் ரத்தத்தோடு எனக்குச் சொல்லத் தெரிந்ததைச் சொன்னேன். நாங்கள் தின்ன வரவில்லை. இந்த மீனில் இன்னும் எவ்வளவு விஷம் இருக்கிறது என்று அளக்க வந்திருக்கிறோம்.

கால் நின்றது. என் வாயைப் பார்த்தார். பிறகு, "எவ்வளவு இருக்கு?" என்றார்.

அளந்தால்தான் தெரியும் என்றேன். மிதித்த மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தண்ணீரில் அலசி, பெட்டியில் அடுக்கினார். அப்போதுதான் அவருடைய வலது கையைக் கவனித்தேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. நடுவில் பளபளவென்று இளஞ்சிவப்புத் தோல்.

"அளந்துட்டு வந்து சொல்லு," என்றார். ரவி போலீசுக்குப் போகலாம் என்றான். நான் பல்வைத்தியரிடம் போகலாம் என்றேன்.

அவர் யார் என்பது அடுத்த வாரம் தனத்திடமிருந்து தெரிந்தது. தனம் கிள்ளானில் இருந்தாள். இரண்டு பெண்பிள்ளைகளை உடம்பில் கதிரியக்கம் அளப்பதற்காக எங்கள் கூடத்துக்குக் கூட்டிவருவாள். பெரியவளுக்கு ஒன்பது, சின்னவளுக்கு ஐந்து. நாற்காலியில் அசையாமல் உட்கார வேண்டும் என்பதால் நான் அவர்களுக்குக் கதை சொல்வேன். தனம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். என் வீங்கிய உதட்டைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். அந்த ஆளுடைய வலது கை எப்படி இருந்தது என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

"அது என் புருஷனோட அண்ணன்," என்றாள்.

குளத்துக்கு மேலே பழைய இரும்புக் கடை ஒன்று இருந்தது. அண்ணனும் தம்பியும் அங்கே வேலை. கேஸ் வைத்து இரும்பு வெட்டுவது அண்ணன் பொறுப்பு. எங்கோ பிரித்த தொழிற்சாலையிலிருந்து வந்த குவியலில் ஒரு கனத்த பெட்டி இருந்தது. உள்ளே ஈயம் இருப்பது தெரிந்து அதை வெட்டித் திறந்தார். ஈயத்துக்கு நடுவில் விரல்நுனி அளவில் ஓர் இரும்பு உருளை. அதன் ஒரு முனையையும் வெட்டிப் பார்த்தார். கொஞ்சம் உப்பு மாதிரி உதிர்ந்தது. ஒன்றுமில்லை என்று தம்பியிடம் தூக்கிப் போட்டார். தம்பி அதைச் சாவிக்கொத்தில் மாட்டலாம் என்று கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சாயங்காலம் வழக்கம்போல ஹோஸ் பிடித்துத் தரையைக் கழுவினார்கள். தண்ணீர் லோங்காங் சாக்கடையில் இறங்கிக் குளத்துக்குப் போயிற்று.

தம்பியின் தொடை வெந்து, புண்ணாகி, ஓட்டை விழுந்தது. ஆசிட் பட்டிருக்கும் என்றார்கள். ஒரு மாதத்தில் அவன் செத்துப்போனான். என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அதற்குமேலும் நாளாயிற்று. அந்த நாட்களில்தான், தம்பி குடும்பம் பட்டினி கிடக்கக்கூடாது என்று, கட்டுப் போட்ட கையோடு குளத்தில் மீன் பிடித்து வாராவாரம் தனத்தின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

"புருஷனைக் கொன்னாரு. அப்புறம் புள்ளைங்களுக்கு ஊட்டி விட்டாரு," என்றாள் தனம். குரல் உயரவே இல்லை. "விஷயம் தெரிஞ்ச அன்னைக்குத் தேங்காத் துருவியால அடிச்சேன். நெத்தியில பாத்திருப்பீங்களே. கண்ணுல பட்டிருக்கணும்."

நான் பார்த்திருந்தேன். புருவத்துக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு.

பிள்ளைகள் உடம்பிலிருந்த அளவு ஒவ்வொரு முறையும் குறைந்தது. அந்த உப்பிலிருந்த சீசியம் என்கிற கதிரியக்கப் பொருள் உடம்பில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. சிறுநீரில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். பிள்ளைகள் உடம்பிலிருந்து பெரியவர்களைவிடச் சீக்கிரம் போகும். ஒன்றரை வருஷத்தில் இருவருக்கும் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தோம். மேருவுக்குப் போனபோது அதை அவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் குளத்தைக் காட்டி, "இதுல?" என்றார்.

இரும்புக் கடையை மூடி, மேல்மண்ணைச் சுரண்டிக் கொண்டுபோய்விட்டார்கள். முதலாளி எங்கே போனாரென்று தெரியவில்லை. அண்ணன்காரர் மட்டும் வேலியோரம் தகரக் கொட்டகை போட்டு அங்கேயே தங்கிவிட்டார். யாரும் அவரைக் காவல் வைக்கவில்லை.

பலகையை யாரும் மதிக்கவில்லை என்பது உண்மை. பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை செய்த வெளிநாட்டுப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வருவார்கள். பக்கத்துக் கம்பத்து ஊர்க்காரர்கள் வருவார்கள். அவர் எச்சரிப்பதெல்லாம் கிடையாது. நேராக அடிதான். தூண்டில்களை முழங்காலில் வைத்து உடைப்பார். மோட்டார்சைக்கிள் டயரைப் பாராங் கத்தியால் கிழிப்பார். ஓர் இந்தோனேசியத் தொழிலாளியின் முன்கை எலும்பு முறிந்தது. வலை வீசிய ஒருவனைத் தண்ணீரில் தள்ளி, தலையை மேலே எடுக்கவிடாமல் பிடித்திருக்கிறார். ஆட்கள் ஓடி வந்ததால் அவன் பிழைத்தான். நாலைந்து முறை மாத்தா வந்து பிடித்துப் போய் லாக்கப்பில் வைத்தார்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கரையைச் சுற்றி வந்து, யார் யார் வந்து போயிருக்கிறார்கள் என்று சேற்றில் கால்தடம் பார்ப்பார்.

எங்கள் வேனைக் கண்டால் மட்டும் கட்டையைக் கீழே போடுவார். அவரே மீன் பிடித்துத் தருவார். இடது கையால் வலை வீசப் பழகியிருந்தார். தீலாப்பியா ஒரு பையில், தோமான் என்கிற பெரிய விரால் ஒரு பையில். பெட்டியை மூடிய பிறகுதான் போன தடவை எவ்வளவு என்று கேட்பார். நான் எண்ணைச் சொல்வேன். அவருக்கு அந்த எண்கள் எல்லாம் மனப்பாடம்.

முதல் வருஷம் சரசரவென்று குறைந்தது. தண்ணீரிலிருந்தது அடிச்சேற்றில் படிந்துகொண்டே போனதால், பாசி தின்னும் தீலாப்பியாவில் சீக்கிரம் பாதியாகி, மறுபடி பாதியாயிற்று. தோமானில் அப்படி இல்லை. எல்லா மீனிலும் இறங்கிக்கொண்டிருந்தபோது அதில் மட்டும் ஏறியது, அப்புறம்தான் மெதுவாக இறங்கத் தொடங்கியது. இது ஏன் என்று கேட்டார். அது மற்ற மீன்களைத் தின்கிறது, அவற்றில் இருப்பதெல்லாம் அதற்குள் வந்து சேர்கிறது, பெரிய உடம்பு என்பதால் வெளியேற நாளாகிறது என்று சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

அடுத்த முறை போனபோது கரையில் ஏழெட்டுத் தோமான்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் கை நீளம். பெரிதாக ஒன்று இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதன் மேல் ஒரு காலை வைத்து, பாராங்கின் பின்பக்கத்தால் தலையில் அடித்தார். செத்த பிறகும் அடித்தார். செதிலும் ரத்தமும் முகமெல்லாம் தெறித்திருந்தது.

"இவன்தான் எல்லாத்தையும் உள்ள வச்சிக்கிட்டு இருக்கான்," என்றார்.

ரவி வேனை விட்டு இறங்க மறுத்துவிட்டான். இப்படிக் கொன்று தீராது, சேற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும், காலம்தான் ஆகும் என்று அவரிடம் சொன்னேன். எவ்வளவு காலம் என்றார். சீசியம் தானாகப் பாதியாக முப்பது வருஷம் ஆகும் என்றேன். அவ்வளவு நாள் தான் இருக்க முடியாது என்றார் அவர். யாரோ விடுப்பு தர மறுத்த மாதிரி இருந்தது அவர் சொன்ன விதம்.

அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் நான் அடுத்த தப்பைச் செய்தேன். மழைத்தண்ணீர்க் குளம் என்பதால் பொட்டாசியம் குறைவு, மீன் பொட்டாசியம் என்று நினைத்துக்கொண்டு சீசியத்தை எடுத்துக்கொள்கிறது, வெளிநாட்டில் சில ஏரிகளில் பொட்டாஷ் உரம் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். "செம்பனைத் தோட்டத்துல போடுற செவப்பு உப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், யாருடைய லோரியையோ ஓட்டிக்கொண்டு ஒரு தோட்டத்து உரக் கிடங்குக்குப் போனார். ஒரு காலத்தில் அவர் அப்பா வேலை செய்த தோட்டம். காவலுக்கு ஒரு நேபாளி இருந்தார். இவர் முதலில் உரம் கேட்டுப் பார்த்திருக்கிறார். காவலாளி முடியாது என்றதும் ஸ்பானரால் காதோரம் அடித்தார். மூட்டைகளைத் தானே சுமந்து லோரியில் ஏற்றி, குளத்தில் கத்தியால் கிழித்துக் கொட்டினார். போலீஸ் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் கலக்கிக்கொண்டிருந்தாராம்.

அந்தக் காவலாளிக்கு ஒரு காது கேட்காமலே போயிற்று. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். யார் நீங்கள் என்று அவர் மலாயில் கேட்டார். பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பொட்டாஷ் வேலை செய்தது. அடுத்த இரண்டு தடவையும் எண்கள் நாங்கள் கணித்து வரைந்த கோட்டுக்குக் கீழே இறங்கின. அந்த ஆளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று எங்கள் மேலதிகாரி கூட்டத்தில் கேட்டார். தெரியவில்லை என்றேன். ரவி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு மாதம் உள்ளே இருந்தார். அந்த எட்டு மாதமும் குளத்தங்கரை ஞாயிற்றுக்கிழமைகளில் பாசார் மாதிரி இருந்தது. வெளியே வந்த அன்று நான் போயிருந்தேன். கரையெல்லாம் அடுப்புக் கற்கள், கரி, மீன் முள். ஒவ்வொரு அடுப்பையும் உதைத்துக் கலைத்தார். ஒரு முள்ளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கேட்க மறந்ததுபோலக் கேட்டார்: "சின்னப் புள்ளைங்க வந்துச்சிங்களா?" எனக்குத் தெரியாது. வந்திருக்கும்.

அவரைப் பார்த்தால் எனக்குப் பயம் போனதே இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கி, வெயிலில் நிற்காதே என்று கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கோப்பி கலந்து கொடுத்த நாட்களிலும் அவருடைய இடது கை எங்கே இருக்கிறது என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் குடித்தேன். ஒரு தடவை ரவி விளையாட்டாக, இந்தத் தீலாப்பியாவை அசாம் புளி போட்டுச் சமைத்தால் எப்படி இருக்கும் என்றான். அறைந்த அறையில் ரவியின் கண்ணாடி வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அவரே வேலி தாண்டிப் போய் அதை எடுத்து, சட்டையில் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

கடைசியில் எல்லா மீனும் வரம்புக்குக் கீழே வந்தது. தீலாப்பியா எப்போதோ வந்துவிட்டது, தோமானுக்காகத்தான் காத்திருந்தோம். தொடர்ந்து நாலு முறை பார்த்து, கூட்டம் போட்டு, இனிச் சாப்பிடலாம் என்று முடிவு செய்தார்கள். பலகையைக் கழற்ற ஆட்கள் வருவதற்கு முன் நான் போய்ச் சொல்ல வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவருக்கு அப்போது வயதாகிவிட்டது. இருமல் இருந்தது. எதிரே புதிதாக ஒரு தாமான் குடியிருப்பு எழும்பி, மாடி வீடுகளின் சன்னல்கள் குளத்தைப் பார்த்திருந்தன.

"முடிஞ்சிருச்சு அண்ணே. இனிமே யார் சாப்பிட்டாலும் ஒன்னும் ஆகாது," என்றேன்.

"சுத்தமா இல்லையா?"

பொய் சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் இருக்கு. ஆபத்தில்லாத அளவு," என்றேன்.

"அப்ப இருக்கு," என்றார்.

அன்று முழுவதும் பேசிப் பார்த்தேன். வாழைப்பழத்திலும் நம் எலும்பிலும்கூட இயற்கையாகக் கதிரியக்கம் இருக்கிறது என்றேன். தனத்தின் பெரிய மகள் காலேஜ் முடித்துவிட்டாள், சின்னவள் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் கிளம்பியபோது வேனின் கண்ணாடியில் ஒரு கல் வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அடுத்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எறியவில்லை.

பலகையைக் கழற்றி இரண்டு மாதத்துக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை காலை, தாமானில் குடியிருந்த ஒரு லோரி டிரைவர் மனைவியோடும் ஆறு வயது மகளோடும் கரையில் உட்கார்ந்து மீன் சுட்டிருக்கிறார். தீலாப்பியாதான். அப்பா தூண்டிலைப் பார்க்கப் போயிருந்தார். பிள்ளை தின்றுகொண்டிருந்தாள். அவர் கொட்டகையிலிருந்து ஓடி வந்து, தாயைத் தள்ளிவிட்டு, பிள்ளையைத் தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் அறைந்து, வாயைப் பிளந்து, இரண்டு விரல் கையைத் தொண்டை வரை விட்டு மீனைத் தோண்டி எடுத்திருக்கிறார். பிள்ளை மூச்சுத் திணறிக் கைகால் உதைத்தது. அப்பா லோரியிலிருந்து டயர் கழற்றும் இரும்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். முதல் அடிக்கே அவர் விழுந்துவிட்டார் என்று தாய் போலீஸ் பாலாயில் சொன்னாள். அது முதல் அடியோடு நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார். நான் போனபோது முகம் எது என்று தெரியவில்லை. வலது கையை வைத்துத்தான் கட்டிலைக் கண்டுபிடித்தேன். ஐந்தாம் நாள் போய்விட்டார். தகனத்துக்குத் தனம் இரண்டு மகள்களோடும் வந்திருந்தாள். ஓரமாக நின்றாள். யாரோ வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். முடியாது என்று தலையசைத்தாள். பெரிய மகள் அம்மாவைக் கேட்காமல் முன்னே போய்ப் போட்டாள். தனம் தடுக்கவில்லை.

பாலாயில் என்னிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அந்த மீனில் ஆபத்து இருந்ததா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லை என்றேன். முன்பு இருந்ததா என்றார். முன்பு இருந்தது. எப்போது இல்லாமல் போனது? அப்படி ஒரு நாள் கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுதுவதற்கு ஒரு தேதி வேண்டும் என்றார். பலகையைக் கழற்றிய தேதியைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். ஆபத்தே இல்லாத மீனுக்காக ஒரு பைத்தியம் சின்னப் பிள்ளையைத் தாக்கியது, அப்பன் தடுத்தான் என்பதாக அந்தத் தாள் ஆகிவிட்டது. அதில் நான் சொன்னது எதுவும் பொய்யில்லை.

வெளியே அந்தப் பிள்ளையின் தாய் காத்திருந்தாள். புருஷன் உள்ளே. அவளுக்குத் தூக்கமே இல்லை. "அந்தாளு அப்படி உயிரைக் குடுத்துப் பிடுங்குனாருன்னா உள்ள என்னமோ இருந்திருக்கு லா அக்கா. நீங்க நல்லா சொல்லுங்க," என்றாள். ஒன்றுமில்லை என்று எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. அடுத்த நாள் எங்கள் கூடத்துக்கு வரச் சொன்னேன்.

பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்துக் கருவியை ஓடவிட்டேன். உதட்டின் இரண்டு ஓரத்திலும் கிழிந்து பொருக்குக் கட்டியிருந்தது. அசையாமல் இருந்தால் மிட்டாய் தருகிறேன் என்றேன். கதவருகே தாய் நின்றிருந்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை. எல்லார் உடம்பிலும் இருப்பதுதான் இருந்தது.

"ஆன்டி, அந்தத் தாத்தா ஏன் அழுதாரு?" என்று பிள்ளை கேட்டாள்.

அழவில்லையம்மா, உன்னை அடித்தார், கத்தினார், அதைத்தான் நீ அப்படி நினைக்கிறாய் என்று தாய் சொன்னாள்.

"கத்தல," என்றாள் பிள்ளை. "என் மூஞ்சில எல்லாம் ஒழுகுச்சு."

அளவு முடிந்து கருவி நின்றது. நான் பிள்ளையை நாற்காலியிலிருந்து தூக்கி இறக்கினேன்.